செம்பனை ஆலைக் குளத்திலிருந்து புத்ராஜெயா வரை: எரிசக்தி, பருவநிலைத் துறையில் அரசாங்க வேலைக்கு வழி என்ன?

பெக்கோக்: டிஎன்பி அனுப்பும் மின்கட்டண பில்லில் கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். அதில் கே.டபிள்யூ.டி.பி.பி. என்று ஒரு வரி இருக்கிறது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளிடம் அந்த வரியின் பெயரில் 1.6 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் பணம் அது. 2011 டிசம்பரில் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014 ஜனவரியில் 1.6 ஆனது.

300 யூனிட் வரை விலக்கு என்பதை யாரோ கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த எல்லை 200 ஆக இருந்திருந்தால் தோட்டத்துச் சின்ன வீடுகள் சிலவும் அந்த வரியைக் கட்டியிருக்கும். எந்த வீட்டுக்கு விலக்கு, எவ்வளவு விழுக்காடு, அந்தப் பணத்தில் எந்த மின் நிலையத்துக்கு எத்தனை ஆண்டுகள் உதவுவது என்பதையெல்லாம் ஆராய்ந்து, அமைச்சரின் மேசைக்குக் கோப்பாகக் கொண்டுபோவது ஓர் அரசாங்க வேலை. எரிசக்திக் கொள்கை, பருவநிலைக் கொள்கை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான்.

சிகாமட் மாவட்டத்தில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசினால் மருத்துவம், சட்டம், ஆசிரியர் பயிற்சி, சிங்கப்பூர் வேலை என்ற நான்கைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. பருவநிலை என்றால் ஐ.நா. மாநாட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்களின் சங்கதி என்ற எண்ணம் இருக்கிறது. பெக்கோக், லாபிஸ், சாஆ பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் துறையின் பாதி பாடம் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது என்பதுதான் உண்மை.

செம்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். குலைகளை வேக வைத்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பழுப்பு நிறக் கழிவுநீர் ஆலைக்குப் பின்னால் உள்ள குளங்களுக்குப் போகிறது. அந்த நாற்றம் தெரியாத தோட்டத்துக்காரர் இருக்க முடியாது. 1970களில் இந்தக் கழிவு குளத்தில் தங்காமல் நேராக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. கழிவு எந்த அளவுக்கு ஆற்றுநீரின் பிராணவாயுவை உறிஞ்சும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். ஆற்றில் மீன் செத்து மிதந்ததற்குக் காரணம் இதுதான்.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதை அமலாக்க 1975இல் சுற்றுச்சூழல் பிரிவு அமைக்கப்பட்டது. இன்றைய சுற்றுச்சூழல் துறை அதன் தொடர்ச்சி. அந்தத் தொடக்க ஆண்டுகளில் அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் எஸ்.டி. சுந்தரம். இந்தப் பெயரை நம் சமூகத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அரசியல்வாதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நமக்கு அதிகாரிகளின் பெயர்கள் தெரிவதில்லை.

அப்போது அந்தப் பிரிவின் முன் இருந்த சிக்கல் சாதாரணமானதல்ல. செம்பனை நாட்டின் வருமானம். ஆலையை மூடு என்று சொல்ல முடியாது. கழிவைச் சுத்திகரிக்கும் முறையும் அன்று முழுமையாகக் கைவரவில்லை. ஆற்றை நம்பிய கிராமங்களோ காத்திருக்க முடியாது. 1977இல் வந்த விதிமுறை இதற்கு ஒரு படிக்கட்டுப் போட்டது. 1978 ஜூலையில் பி.ஓ.டி. 5,000க்குள் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு 2,000. பிறகு 1,000, 500, 250 என்று இறங்கி, 1984இல் 100. ஆண்டு உரிமத்துக்கான கட்டணமும் கழிவின் அளவோடு கட்டப்பட்டது. தரத்துக்கு உட்பட்ட பி.ஓ.டி. சுமைக்கு டன்னுக்கு 10 ரிங்கிட், தரத்தை மீறிய சுமைக்கு டன்னுக்கு 100 ரிங்கிட். முதல் ஆண்டில் பணம் கட்டித் தப்பிக்க இடம் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து தரம் கட்டாயமானது.

செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ஆறுகளுக்குப் போன கழிவுச் சுமை கடுமையாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் பாடமாக எடுத்துப் பேசும் உதாரணம் இது. கொள்கை வகுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். எத்தனை ஆண்டு அவகாசம், எந்த எண்ணில் தொடங்குவது, அபராதம் எவ்வளவு இருந்தால் ஆலை முதலாளி பணம் கட்டுவதைவிடக் குளம் வெட்டுவது மேல் என்று நினைப்பார் என்று கணக்குப் பார்க்கிற வேலை அது.

கதை அங்கே முடியவில்லை. ஆற்றைக் காப்பாற்றிய அந்தக் குளங்கள் இன்னொரு சிக்கலைக் கிளப்பின. காற்றுப் படாத ஆழமான குளத்தில் கழிவு மக்கும்போது மேலே குமிழி குமிழியாக வாயு வரும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது கரிவாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு. 1977இல் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவலைப்படக் காரணமும் அன்று இல்லை. பிறகு 2014 ஜனவரி முதல், புதிதாகக் கட்டும் ஆலைகளும் உற்பத்தித் திறனைக் கூட்ட விண்ணப்பிக்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கும் வசதி செய்ய வேண்டும் என்று எம்.பி.ஓ.பி. எனும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை போட்டது. குளத்தைக் கனமான உறையால் மூடி, வாயுவைக் குழாயில் எடுத்து, இயந்திரத்தில் எரித்தால் மின்சாரம். அப்படி வரும் மின்சாரத்தை நீண்ட காலத்துக்கு நிர்ணயித்த விலையில் வாங்கும் திட்டத்துக்குப் பணம் தருவது, முதலில் சொன்ன பில்லில் உள்ள அந்த 1.6 விழுக்காடு.

ஆக, ஒரு குளத்தைச் சுற்றிச் சுற்றுச்சூழல் துறை, செம்பனை எண்ணெய் வாரியம், சேடா எனப்படும் நிலைத்தன்மைமிக்க எரிசக்தி மேம்பாட்டு வாரியம், மின்கட்டணத்தையும் உரிமங்களையும் கவனிக்கும் சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையம், இவற்றுக்கு மேலே அமைச்சுகள் என்று அத்தனை அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆட்கள் வேண்டும்.

அமைச்சின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது ஆட்சிக்கு ஆட்சி மாறும். துன் எஸ். சாமிவேலு 1989 முதல் 1995 வரை அமைச்சராக இருந்தபோது அது எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சு. தேசிய மின்சார வாரியம் 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் ஆக மாறியது அவர் காலத்தில்தான். 2009இல் பசுமைத் தொழில்நுட்பம் சேர்ந்தது. 2018இல் அறிவியல், சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் எல்லாம் ஒரே அமைச்சாகி, நம் சிகாமட்டில் பிறந்த இயோ பீ யின் அமைச்சரானார். இரசாயனப் பொறியியல் படித்தவர் அவர். 2020இல் அந்த அமைச்சு கலைக்கப்பட்டு எரிசக்தி ஒரு பக்கம், சுற்றுச்சூழல் ஒரு பக்கம் போயின. 2022இல் மீண்டும் சேர்ந்தன. 2023 டிசம்பரில் மீண்டும் பிரிந்தன. எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சு என்பது பெட்ரா. இயற்கை வளம், சுற்றுச்சூழல் நிலைத்தன்மை அமைச்சு இன்னொன்று. பருவநிலை ஒப்பந்தங்களின் கோப்பு இந்த இரண்டாவதில் இருக்கிறது.

பெயர்ப்பலகை இத்தனை முறை மாறினாலும், கீழே அதே அதிகாரிகள் அதே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை மலேசியா 2016 நவம்பரில் உறுதிப்படுத்தியது. உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியாகும் கரிமத்தை 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக 2021இல் வாக்குக் கொடுத்தது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்ற வழிகாட்டித் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்கள் எல்லாம் பிரதமர்கள் மாறியும் நிற்கின்றன. இன்று எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு 2050இல் ஓய்வு பெறும் வயதுகூட வந்திருக்காது.

சரி, உள்ளே போவது எப்படி?

முதல் வழி, பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவி. முன்பு எம்41 என்று சொன்னதை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறைக்குப் பிறகு எம்9 என்கிறார்கள். இதற்கு அங்கீகரிக்கப்பட்ட எந்தத் துறைப் பட்டமும் போதும். பொறியியல்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. தமிழியல் படித்த என்னைப் போன்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதை நான் படிக்கும்போது யாரும் சொல்லவில்லை. தேர்வு, குழு நடவடிக்கைகள் மூலம் மதிப்பீடு, நேர்காணல், பிறகு இன்டான் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி என்று படிகள் உண்டு. இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த அமைச்சுக்கு அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. எரிசக்தியில் ஆசை வைத்தவர் உள்துறை அமைச்சில் சில ஆண்டுகள் உட்கார வேண்டி வரலாம். ஆனால் அமைச்சரவைக்கான குறிப்புகளை எழுதுவதும், அமைச்சின் உயர் பதவிகளுக்குப் போவதும் பெரும்பாலும் இந்தச் சேவையைச் சேர்ந்தவர்கள்தான்.

இரண்டாவது, துறை சார்ந்த பதவிகள். சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டு அதிகாரி, வானிலை அதிகாரி ஆகியவை அறிவியல் பட்டதாரிகளுக்கு. வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ்.ஸில் பொறியாளர்களுக்கு வேலை. துறையை விட்டு விலகாமல் இருபது ஆண்டு ஒரே விஷயத்தில் ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு இது நல்லது. மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கும் பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ.யின் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு முறை பதிந்துவிட்டு, கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது. பதிவு காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும், விளம்பரம் வரும்போது அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "போட்டேன், கூப்பிடவே இல்லை" என்று சொல்பவர்களிடம் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மூன்றாவது வழியைத்தான் நம்மவர்கள் அதிகம் தவற விடுகிறார்கள். எரிசக்தி ஆணையமும் சேடாவும் சட்டத்தால் அமைக்கப்பட்ட தனி அமைப்புகள். முன்னது 2001 சட்டத்தின்படி, பின்னது 2011 சட்டத்தின்படி வந்தவை. ஆட்களை அவையே நேரடியாக எடுக்கின்றன. எஸ்.பி.ஏ. பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இவற்றின் காலியிடங்கள் கண்ணில் படாது. பொறியாளர்களோடு சட்டம், பொருளாதாரம், கணக்கியல் படித்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது பாதி பொருளாதாரம், பாதி சட்டம். ஜொகூரில் தரவு மையங்கள் பெருகி வருவதால், அவை இழுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் என்ன விலை, வீடுகளுக்கு என்ன விலை என்ற கேள்வி இந்த மேசைகளில் வந்து விழுகிறது.

இனி, நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிக்கு கிரெடிட் இல்லாமல் பட்டதாரி நிலைப் பதவி எதற்கும் போக முடியாது. 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. முதல் வகுப்பில் பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு, மலாய் மொழியில் டி வைத்திருப்பவருக்குக் கதவு திறக்காது. இதற்குப் பரிகாரம் உண்டு. மலாய், வரலாறு, கணிதம் ஆகியவற்றை மறுபடி எழுத எஸ்.பி.எம். உலாங்கான் தேர்வு இருக்கிறது. வேலைக்குப் போன பிறகும் எழுதலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பட்டத்தின் அங்கீகாரம். அரசாங்கத்தில் பொறியாளர் ஆக, மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டம் வேண்டும். ஒரு தனியார் கல்லூரி பொறியியல் என்று பெயர் வைத்திருப்பதாலேயே அந்தப் பாடத்திட்டம் வாரியத்தின் பட்டியலில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கல்லூரியின் கட்டடத்தையல்ல, இந்தப் பட்டியலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்றாம் ஆண்டில்தான் இதைக் கண்டுபிடித்தது.

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் நமக்குப் பக்கத்திலேயே பத்து பகாட் பாரிட் ராஜாவில் யு.டி.எச்.எம்., ஸ்கூடாயில் யு.டி.எம். இருக்கின்றன. தங்காக்கில் ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் என்று பிரதமர் 2024 ஜூனில் அறிவித்தார். அது கிடைக்காதவர்கள் ஆறாம் படிவத்தை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டியதில்லை, எஸ்.டி.பி.எம். நல்ல தேர்ச்சிக்கு யு.பி.யு. வழியாக அதே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மின்சாரத்துக்கென்றே உள்ள யூனிட்டென் பல்கலைக்கழகத்தில் எரிசக்திக் கொள்கை ஆய்வுக் கழகமும் இருக்கிறது. முதுகலை படிக்க நினைப்பவர்கள் பார்க்கலாம்.

படிப்பில் சுமாரான பிள்ளைக்கு இதில் இடமில்லையா? இருக்கிறது, அதுவும் தோட்டத்துப் பக்கமே. செம்பனை ஆலைகள் நார், ஓடு ஆகியவற்றை எரித்து நீராவியில் சொந்தமாக மின்சாரம் தயாரிக்கின்றன. அந்த மின்பொறிகளைக் கவனிக்கும் சார்ஜ்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் தருவது எரிசக்தி ஆணையம். வயர்மேனுக்கும் அப்படியே. கழிவுநீர்க் குளங்களைக் கவனிப்பவருக்கு, சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான எய்மாஸ் தனிச் சான்றிதழ் தருகிறது. ஆலையில் இந்த வேலை பார்த்து, பாலிடெக்னிக் டிப்ளோமாவும் எடுத்தவருக்கு உதவிப் பொறியாளர், உதவிச் சுற்றுச்சூழல் அதிகாரி பதவிகளுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. சோதனைக்கு வரும் அதிகாரி குளத்தின் நிறத்தைப் பார்த்தே ஆலையின் நிலையைச் சொல்லக் கூடியவராக இருந்தால், ஆலைக்காரர் கொடுக்கும் தாளை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொரு கதவு புதிதாகத் திறந்திருக்கிறது. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் எரிசக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைகளும் வாணிப நிறுவனங்களும் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். அந்தப் பதிவு எரிசக்தி ஆணையத்திடம். தனியார் துறையில் சில ஆண்டுகள் இந்த வேலை பார்த்த அனுபவம் இருந்தால், பிறகு ஆணையத்தின் நேர்காணலில் உட்காரும்போது பேச விஷயம் இருக்கும்.

நம்மவர் அரசாங்கச் சேவையில் குறைவு என்ற குறை பழையது. அதில் நியாயமும் இருக்கிறது. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஆனால் இந்தத் துறையில் நம் இடம் காலியாக இருப்பதன் விலை தோட்டங்களுக்குத் தனியாகத் தெரியும். தோட்டம் தனியார் நிலம். அதனால் கிராமங்களுக்கு அரசாங்கச் செலவில் மின்சாரமும் தண்ணீரும் போன காலத்தில் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேரவில்லை. லயங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் இரவில் குறிப்பிட்ட நேரத்தில் நிற்கும். அதோடு வெளிச்சமும் நிற்கும். தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். கிராமம் என்ற சொல்லுக்கு ஒரு கோப்பில் கொடுக்கப்பட்ட விளக்கம், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததற்கு ஒரு காரணம். அந்த விளக்கத்தை எழுதும் அறையில் லயத்தில் வளர்ந்த ஒருவர் இருந்திருந்தால் கேள்வியாவது எழுந்திருக்கும்.

இன்று அதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. கூரையில் சூரியத் தகடு போட்டால் பில்லைக் குறைக்கலாம் என்ற திட்டங்கள் எல்லாம் சொந்த வீடும், சொந்தப் பெயரில் மின்கணக்கும் உள்ளவர்களுக்கானவை. நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவருக்கு அதில் என்ன வழி? வெள்ளமும் அப்படித்தான். 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று சிகாமட் மாவட்டம் மூழ்கிய ஆண்டுகள் நமக்கு மனப்பாடம். எந்த ஆற்றை எங்கே அகலப்படுத்துவது, எச்சரிக்கை மணியை எந்தக் குடியிருப்பில் வைப்பது, தாழ்வான இடத்தில் உள்ள தோட்டக் குடியிருப்பைப் பட்டியலில் சேர்ப்பதா இல்லையா என்பதெல்லாம் ஜே.பி.எஸ். பொறியாளரின் வரைபடத்தில் தொடங்குகின்றன.

அந்த வரைபடத்தைப் பார்க்க புத்ராஜெயா வரை போக வேண்டியதில்லை. ஆறுகளின் நீர்மட்டத்தை ஜே.பி.எஸ். தன் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது; கைப்பேசியில் ஜொகூரைத் தேர்ந்தெடுத்து, சிகாமட் மாவட்டத்தைப் பார்த்தால் தெரியும். பல்கலைக்கழகத்தில் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர்கள் வழக்கமாகக் கோலாலம்பூர் நிறுவனங்களுக்கே எழுதுகிறார்கள். சிகாமட்டிலேயே ஜே.பி.எஸ். மாவட்ட அலுவலகம் இருக்கிறது, ஜொகூர் பாருவில் எரிசக்தி ஆணையத்தின் வட்டார அலுவலகம் இருக்கிறது. பயிற்சிக் காலம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே பல்கலைக்கழகக் கடிதத்தோடு இரண்டுக்கும் எழுதிப் போடலாம்.